ராயப்பன் போட்ட மூன்று கலர் ஒயர்

ராயப்பனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காத ஒருவனைப் பற்றி எதற்கு உட்கார்ந்து எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். எழுதி இறக்கினால் ஒழிய அவன் என் தலையை விட்டுப் போகமாட்டான் போலிருக்கிறது.

திண்டிவனத்தில் எனக்கு டிவி, ஹோம் தியேட்டர் கடை இருக்கிறது. நடராசன் கடை என்றால் காட்டுவார்கள். பொருளை நான் விற்பேன். வீட்டுக்குப் போய் மாட்டிக் கொடுப்பவன் ராயப்பன். பன்னிரண்டு வருஷம் என்னிடம் வேலை பார்த்தான். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு வீட்டுக்குள்ளாவது சிரித்த முகமாக நுழைந்தான் என்று யாராவது சொன்னால் அது பொய். ஒல்லி உடம்பு, கயிறு கட்டிய கண்ணாடி, காதில் ஒரு பேனா. ஒரு வாடிக்கையாளரிடம் நான் ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசிப் பெரிய டிவியாக விற்றிருப்பேன். இவன் மாட்டப் போன இடத்தில் சுவரையும் சோபாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவ்ளோ கிட்ட உக்காந்துகினு இத்தினி பெரிய டிவி பாத்தா கழுத்து புடிச்சிக்கும். கடையில சொல்லலையா?" என்பான். கடையில் சொல்லாதது நான்தான்.

அவனுடைய அம்மா ஊர் ஊராக மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்கக் கூலிக்குப் போனவள். இவன் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு, கேபிள் டிவிக்காரனோடு சேர்ந்து கம்பம் கம்பமாக ஏறி ஒயர் கட்டினான். பிறகு சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் ஒரு பழுது பார்க்கும் கடையில் நாலு வருஷம் இருந்தான். கல்யாணம் ஆனதும் மனைவி ரோஜாவோடு ஊருக்குத் திரும்பி என்னிடம் வந்து சேர்ந்தான். படிப்பு இல்லை என்றாலும், ஒரு ஒயரைக் கையில் வாங்கி இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தே அதன் யோக்கியதையைச் சொல்லிவிடுவான். அந்தத் திறமையும் எனக்குப் பிடிக்காது. ஏனென்றால் பல சமயம் அந்த ஒயரை வாங்கி வைத்தவன் நான்.

படம் கொண்டுபோகும் கேபிளைப் பற்றி அவனுக்கு ஒரு கட்சி உண்டு. கேட்டாலும் சொல்வான், கேட்காவிட்டாலும் சொல்வான். "பழைய மூணு கலர் ஒயரு இருக்குதே, செவப்பு, பச்ச, நீலம், அது அனலாக்கு. தூரம் போவப் போவ படம் கொஞ்சம் மங்கும், ஆனா வந்துடும். எச்.டி.எம்.ஐ. அப்படி இல்ல. அது டிஜிட்டலு. வந்தா கண்ணாடி மாதிரி வரும், வரலன்னா ஒண்ணுமே வராது. பொட்டியும் டிவியும் பக்கத்துல இருந்தா எச்.டி.எம்.ஐ.தான், அதுல பேச்சே இல்ல. ஆனா சொவுத்துக்குள்ள பொதச்சி அறுபது அடி போவணும்னா, கூடவே பழசு ஒண்ணையும் போட்டு வையி. நாளைக்கு சொவுத்தையா ஒடைப்ப?"

இதை ஒரு பணக்கார வீட்டில் சொல்லிப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவனுக்குப் பழசு என்ற வார்த்தையே ஆகாது. நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

கோலியனூரில் சின்னதுரை மாமா வீடு கட்டியபோதுதான் எல்லாம் முற்றியது. நெல்லும் கரும்புமாக நல்ல விவசாயக் குடும்பம். எனக்குத் தூரத்துச் சொந்தம், மாமா முறை. மாடியில் நீளமான ஓர் அறையை ஒதுக்கி, அதில் சினிமாக் கொட்டகை மாதிரி திரையும் புரொஜெக்டரும் வேண்டும் என்றார். அவருடைய தம்பி, மைத்துனர்கள் என்று இன்னும் நாலு வீடு விழுப்புரத்தைச் சுற்றி எழும்பிக்கொண்டிருந்தது. இந்த வீட்டைப் பார்த்துத்தான் அந்த நாலு வீடும் ஆளைத் தேர்ந்தெடுக்கும். இது எனக்குத் தெரியும். ராயப்பனுக்கும் தெரியும்.

அவன் போட்டிருந்த திட்டம் எனக்கு வேறு வழியாகத் தெரிய வந்தது. ஒரு நாள் கடைச் சாவி வாங்க அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளே சுவரோரம் புதுப் பெயர்ப்பலகை ஒன்று சாய்த்து வைத்திருந்தது. 'ராயப்பன் ஹோம் தியேட்டர் சர்வீஸ், விழுப்புரம்'. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. ரோஜா அதன்மேல் ஒரு புடவையைப் போட்டு மூடப் பார்த்தாள். ராயப்பன் மூடவேண்டாம் என்றான்.

"கோலியனூர் வீடு முடியட்டும் ஓனரு. அந்த வேலையில பேர் வந்துச்சின்னா தனியா போயிடலாம்னு இருக்கறேன். ஒங்ககிட்ட சொல்லாம போவமாட்டேன்" என்றான்.

நல்லா செய் என்று சொல்லிவிட்டு வந்தேன். வழி முழுக்கப் பொருமினேன். என் கடை வாசலில் நின்று தொழில் செய்தவன், என் சொந்தக்காரர் வீட்டை வைத்தே கடை போடப் போகிறான்.

மாடி அறையில் திரை மேற்குச் சுவரிலும், புரொஜெக்டர் எதிரே கிழக்குப் பக்கக் கூரையிலும் வருவதாக ஏற்பாடு. படம் போடும் பெட்டிகள் திரைக்குக் கீழே இருக்கும். அங்கிருந்து சுவருக்குள்ளும் கூரைக்குள்ளுமாகப் பைப் வழியே புரொஜெக்டருக்கு அறுபது அடி கேபிள். அவ்வளவு தூரத்துக்குச் சாதாரண எச்.டி.எம்.ஐ. தாங்காது என்பதால், உள்ளே கண்ணாடி இழை ஓடும் கேபிளாக வரவழைத்தேன். அதில் ஒரு பக்கமாகத்தான் படம் போகும். ஒரு முனை பெட்டிக்கு, மறுமுனை புரொஜெக்டருக்கு. எது எதற்கு என்று முனையிலேயே எறும்பு அளவு எழுத்தில் போட்டிருக்கும். மாசி மாசத்தில் ஒரு நாள் அதை நானே என் கையால் இழுத்தேன். சொந்தக்காரர் வீடு, நான் வேலை செய்வதை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். ராயப்பன் அதே பைப்பில் தன்னுடைய மூன்று கலர் ஒயரையும் ஓட்டிவைத்திருந்தான்.

"ஏன்யா இந்தக் காயலான் கடை சரக்கு" என்றேன்.

"கெடக்கட்டும் ஓனரு. அது சோறா கேக்குது?"

இடையில் மாமி தேநீர் அனுப்பினார். எனக்கு எவர்சில்வர் டம்ளரிலும் அவனுக்குக் காகிதக் கோப்பையிலும் வந்தது. அவன் கோப்பையை ஒரு முறை பார்த்தான், பிறகு குடித்தான். நான் எதையும் கவனிக்காதவன் மாதிரி இருந்துகொண்டேன்.

கேபிள் இழுத்து இரண்டு நாள் ஆகியிருக்கும். வாஸ்து பார்ப்பவர் வந்தார். மேற்கே பார்த்து உட்கார்ந்தால் குடும்பத்துக்கு ஆகாது, கரண்டுப் பெட்டியெல்லாம் தென்கிழக்கே அக்கினி மூலைப் பக்கம்தான் இருக்க வேண்டும் என்று கையை வீசிவிட்டுப் போனார். அவ்வளவுதான். திரை கிழக்குச் சுவருக்கு வந்தது, பெட்டிகள் அதன் கீழே வந்தன, புரொஜெக்டர் மேற்கே போனது. பைப் அதேதான். முனை இரண்டும் இடம் மாறிவிட்டன.

ராயப்பன் உடனே சொன்னான். "ஓனரு, கேபிள உருவித் திருப்பிப் போடணும். இப்ப தலைகீழா கெடக்குது."

கீழே கொத்தனார் கலவை போட்டுவிட்டு ஜல்தி ஜல்தி என்று கத்திக்கொண்டிருந்தார். இன்னும் நல்ல நேரம் முக்கால் மணிதான் இருக்கிறது, அதற்குள் பூச்சு ஆரம்பித்தாக வேண்டும் என்று மாமாவும் நெருக்கினார். எனக்கும் சந்தேகம் வரத்தான் செய்தது. ஆனால் பத்துப் பேர் நடுவில் இவன் எனக்குப் பாடம் நடத்துகிறான் என்ற எரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"கம்பிக்கு ஏதுய்யா வாசப்பக்கம், கொல்லப்பக்கம்? நீ ஒன் வேலையப் பாரு" என்றேன்.

"சொல்லிட்டேன்" என்றான். அப்புறம் காதிலிருந்த பேனாவை எடுத்து ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதினான். அது அவனுடைய வழக்கம். எந்த வீட்டில் எந்த ஒயர் போட்டாலும், யார் போட்டது, எந்த முனை எங்கே என்று துண்டுச் சீட்டு எழுதி, செலோ டேப் சுற்றி ஒயரிலேயே ஒட்டி உள்ளே தள்ளிவிடுவான். பன்னிரண்டு வருஷமாகப் பார்த்த கூத்து என்பதால் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வைகாசியில் வீடு புகுந்தார்கள். காலையில் பால் காய்ச்சி, ஊருக்கே சாப்பாடு போட்டு, பந்தி ஓய்ந்ததும் மாமா எல்லோரையும் மாடிக்கு அழைத்தார். மகள் கவிதாவின் கல்யாண வீடியோவைப் பெரிய திரையில் காட்டப் போகிறார். அறை முழுக்க ஜமக்காளம். கட்டிக்கொண்டிருக்கும் நாலு வீட்டுக்காரர்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ராயப்பன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கதவோரம் நின்றான். அவன் சட்டையை இஸ்திரி போட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புரொஜெக்டரை அன்று காலையில்தான் அவசரமாக மாட்டியிருந்தேன், ஓட்டிப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. நான் ரிமோட்டை அழுத்தினேன். திரையில் நீல வெளிச்சம் வந்தது. 'சிக்னல் இல்லை' என்று வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதேதான். பெட்டியை அணைத்துப் போட்டேன், முனையைக் கழற்றி மாட்டினேன். மாட்டும்போது அந்த எறும்பு எழுத்து என் கண்ணில் பட்டது. புரொஜெக்டருக்குப் போக வேண்டிய முனை என் கையில் இருந்தது.

"இன்னா மாப்ள, ஒண்ணும் வரல" என்றார் மாமா. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

உருவி எடுத்துத் திருப்பலாம் என்று இழுத்துப் பார்த்தேன். நகரவில்லை. பைப் இணைப்பு ஒன்றில் சிமென்ட் பால் இறங்கிக் கேபிளைக் கவ்விக்கொண்டிருந்தது. சுவரை உடைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. பால் காய்ச்சிய வீட்டில் ஒரு வருஷத்துக்கு உளி படக்கூடாது என்பது அவர்கள் குடும்பத்தில் மீற முடியாத பழக்கம்.

என் தப்பு மாமா என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். ராயப்பன் என்னைப் பார்த்தான். முன்வரிசையில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவன் வீட்டுச் சுவரோரம் இருந்த பலகை அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. அது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நான் இன்னொரு பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

"ராயப்பன்தான் கேபிளத் திருப்பிப் போட்டுட்டான் மாமா. நான் அன்னிக்கே சொன்னேன்" என்றேன்.

மாமா எழுந்தார். "ஏன்டா, கண்ணு தெரியலன்னா வூட்டுல கெடக்க வேண்டியதுதான? நல்ல நாளும் அதுவுமா எல்லார் எதிர்லயும் என்ன அசிங்கப்படுத்திட்டியே. ஒங்கள மாதிரி ஆளுங்கள மாடி வரைக்கும் வுட்டேன் பாரு, என்னச் சொல்லணும்."

  ராயப்பன் ஸ்டூலை இழுத்துப் போட்டு, கிழக்குச் சுவரில் ஒயர் வரும் துளையை மூடியிருந்த பிளேட்டின் திருகாணியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு அந்த மூன்று கலர் ஒயரை வெளியே எடுத்தான். மேற்குப் பக்கம் போய் அங்கேயும் அதையே செய்தான். பையிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி ஒன்றை எடுத்து நடுவில் இணைத்தான். எச்.டி.எம்.ஐ. படத்தைப் பழைய ஒயருக்கு மாற்றிக் கொடுக்கும் பெட்டி அது. அந்த ஒயருக்குத் தலையும் கிடையாது, வாலும் கிடையாது. எந்தப் பக்கத்திலிருந்து அனுப்பினாலும் போகும். பத்தே நிமிஷத்தில் கவிதா மணமேடையில் உட்கார்ந்திருந்தாள். கூறைப் புடவையின் சிவப்பு ஒரு மாற்றுக் குறைவாகத் தெரிந்தது. மற்றபடி படம் ஆடவில்லை, அசையவில்லை.

எல்லோரும் படம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ராயப்பன் பிளேட்டை மூடினான், ஸ்டூலில் பதிந்த தன் கால் தடத்தைத் துண்டால் துடைத்தான், பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். சாப்பிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. என்னைத் தாண்டித்தான் போனான். என் கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கடங்காரன், அதைக்கூடச் செய்யவில்லை.

மறுநாளிலிருந்து கடைக்கு வரவில்லை. நாலு வீட்டு வேலையும் எனக்கே வந்தது. கோலியனூர் வீட்டில் கேபிளைத் தலைகீழாகப் போட்டவன் என்ற பேச்சு விழுப்புரம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பலகை ஏறவே இல்லை. விக்கிரவாண்டி டோல் பக்கத்தில் லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல்களில் டிவி பழுது பார்க்கிறான் என்று கேள்விப்பட்டேன். நல்லது, பிழைத்துக்கொள்ளட்டும் என்றேன். அவன் பேச்சை யாராவது எடுத்தால், வேலை தெரியும், ஆனால் கவனம் போதாது என்பேன். ஒரு வருஷத்தில் அதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த வைகாசி கழிந்ததும் மாமா ஃபோன் செய்தார். வருஷம் முடிந்துவிட்டது, சுவரை உடைத்துக் கேபிளை மாற்று என்றார். போனேன். உடைக்கும் முன் கிழக்குச் சுவர்ப் பிளேட்டைக் கழற்றினேன். உள்ளே நான் இழுத்த கேபிளில் செலோ டேப் சுற்றிய துண்டுச் சீட்டு ஒன்று இருந்தது.

'ஆப்டிகல் கேபிள். இழுத்தது நடராசன். திரை மாறியது. கேபிள் திருப்பவில்லை. சொல்லியாச்சு. 4.3.'

 அன்றைக்கு இதே பிளேட்டைக் கழற்றியவன் அவன்தான். அவன் விரல் இந்தச் சீட்டின் மேல் பட்டிருக்கும். எண்பது பேருக்கு முன்னால் எடுத்து நீட்டியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். திரும்ப உள்ளே தள்ளி மூடியிருக்கிறான். எனக்கு வந்தது நன்றி அல்ல, ஆத்திரம். வேலையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு விக்கிரவாண்டிக்குப் போனேன்.

ஓர் ஓட்டல் வாசலில், பழைய டிவி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் தகரக் கொட்டகைக்குச் சுவராக ஒரு பலகையை நிறுத்தியிருந்தார்கள். எழுத்து தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது. நான் சீட்டை நீட்டினேன்.

"இத ஏன் அன்னிக்குக் காட்டல? பெரிய மனுசன்னு நெனப்பா? எனக்குப் பிச்சை போட்டியா?"

அவன் சீட்டைத் தொடவில்லை. "ஒனக்காக ஒண்ணும் வுடல. காட்டினா இன்னா ஆயிருக்கும்? நான் எழுதுன சீட்டு. நீ இல்லன்னு சொல்லியிருப்ப. அந்த வூட்டுல ஒன் பேச்சு நிக்குமா, என் பேச்சு நிக்குமா?"

"நான் இல்லன்னு சொல்லியிருக்கமாட்டேன்."

"சொன்னியே" என்றான்.

 அவன் திருகாணி ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். பிறகு அதை எடுத்துவிட்டு, "அவ்ளோ பேஜாரா இருந்துச்சின்னா இப்பப் போய்ச் சொல்லு. நான்தான் போட்டேன்னு சொல்லிப் பாரு. ஒன்ன இன்னா பண்றாங்கன்னு பாத்துக்கினு வா" என்றான்.

சவால் மாதிரித்தான் இருந்தது. கோலியனூருக்குத் திரும்பும் வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். கடை போய்விடும், சொந்தம் போய்விடும், நாலு வீட்டிலும் காறித் துப்புவார்கள். துப்பட்டும், அவன் முகத்தில் இனி விழிக்க வேண்டுமே என்று நினைத்தேன். மாமா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சீட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"மாமா, அன்னிக்குக் கேபிளத் தப்பாப் போட்டது நான்தாங்க. ராயப்பன் இல்ல. அவன் திருப்பச் சொன்னான், நான்தான் கேக்கல. எல்லார் எதிர்லயும் பொய் சொல்லிட்டேங்க."

மாமா சீட்டைத் தூர வைத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அட, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வந்த? வேல செய்யறவன்னா ஒண்ணு ரெண்டு மாறத்தான் செய்யும் மாப்ள. அன்னிக்கு இருந்த பரபரப்புல நீ இன்னா பண்ணுவ? வுடு."

"அவன எல்லார் எதிர்லயும் திட்டிட்டீங்களே மாமா. ஒரு வார்த்த கூப்பிட்டுச் சொன்னா..."

"அவன எதுக்கு இப்ப? போனவன் போயிட்டான். நீ மேல போயி வேலையப் பாரு. அந்தப் பழைய ஒயரயும் உருவித் தூரப் போட்டுடு." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "மாப்ளைக்குக் காபி எடுத்துக்கினு வா."

சீட்டு அவர் கையில் இரண்டாக மடிந்து, பேப்பருக்கு அடியில் போனது. காபி வந்தது. அதே எவர்சில்வர் டம்ளர்தான், நுரை ததும்ப நிறைத்திருந்தார்கள். வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். நான் குடித்தேன்.